கவாத்துக் கூடம் ஊர்க்கூடமான கதை: நியூயார்க் ஆர்மரிகள் பற்றிக் கேள்வி பதில்

சார், ஆர்மரி என்றால் ஆயுதக்கிடங்குதானே? ஊர் நடுவில் அதற்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு?

துப்பாக்கி வைக்கும் அறை அதில் ஒரு மூலைதான், தம்பி. அந்தக் காலத்து மாநிலத் தொண்டர் படையினர் முழுநேரச் சிப்பாய்கள் அல்ல. பகலில் கடை, அலுவலகம் என்று இருப்பார்கள், மாலையில் சீருடை போடுவார்கள். அவர்கள் கூடவும் கவாத்து பழகவும் ஓர் இடம் வேண்டும். முன்கட்டில் அலுவலகமும் ஒவ்வொரு கம்பெனிக்கும், அதாவது படையின் ஒவ்வொரு சிறு பிரிவுக்கும், தனி அறையும் இருக்கும். பின்னால் பெரிய கவாத்துக் கூடம்.

கோட்டை மாதிரி கோபுரம், குறுகிய ஜன்னல்கள். யார் படையெடுத்து வருவார்கள் என்று பயந்தார்கள்?

அந்நிய எதிரிக்குப் பயந்து அல்ல, சொந்த ஊர்த் தொழிலாளிகளுக்குப் பயந்து. 1877-இல் ரயில் கம்பெனிகள் கூலியைக் குறைத்தன. மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரம் நகரமாகப் பரவியது. பிட்ஸ்பர்கில் மாநிலத் தொண்டர் படை சுட்டதில் சுமார் 20 பேர் செத்தார்கள். அதன்பின் பெரிய நகரங்களில் இப்படிக் கோட்டைகள் வரிசையாக எழுந்தன. இந்த வரலாற்றை மறைத்துவிட்டுக் கட்டடத்தின் அழகை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கட்டடக்கலை படிக்கிறேன். பார்க் அவென்யூ ஆர்மரியில் நடுவில் ஒரு தூண்கூட இல்லையே, எப்படி?

ரயில் நிலையக் கூரையின் உத்திதான் அம்மா. கூடத்தின் குறுக்கே இரும்பு வளைவுகளைப் போட்டு, அவற்றின் மேல் கூரையை ஏற்றினார்கள். பரப்பு சுமார் 55,000 சதுர அடி, உயரம் 80 அடி. அணிவகுத்து வரும் கம்பெனி திரும்பும்போது தூண் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். பின்னாளில் இந்தக் கட்டடங்களுக்கு வந்த வாழ்வு எல்லாமே அந்தத் தூணில்லாத தரையால் வந்ததுதான்.

1880-இல் அங்கே குடியேறிய ஏழாம் ரெஜிமென்டில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஊரார் 'பட்டுக் காலுறைப் படை' என்றே அழைத்தார்கள். கட்டடத்துக்கும் பெரும்பாலும் தனியார் நன்கொடைதான். முன்கட்டு அறைகளில் கண்ணாடிக் கலைஞர் டிஃபனியின் கைவேலையை அவசியம் பாருங்கள்.

அங்கேதானே 1913-இல் அந்தப் பெரிய நவீன ஓவியக் கண்காட்சி நடந்தது?

இல்லை, பலரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். அது லெக்சிங்டன் அவென்யூவில் உள்ள 69ஆம் ரெஜிமென்டின் ஆர்மரி, ஐரிஷ்காரர்களின் படை. அந்தக் கூடத்தைத் தடுப்புச் சுவர்களால் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, சுமார் 1,300 படைப்புகளை வைத்தார்கள். 'படிகளில் இறங்கும் நிர்வாணம்' என்ற பிரெஞ்சு ஓவியர் டூஷாம்பின் ஓவியத்தைப் பார்த்து நகரமே கொதித்தது.

அப்புறம் நிக்ஸ் கூடைப்பந்து அணி அங்கே ஆடியது. 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் புகைப்படங்களோடு வந்து நின்றதும் அங்கேதான். அந்தச் சுவர் முழுக்க முகங்கள்.

அண்ணா, வீடற்றவர்களை ஆர்மரியில் தங்கவைத்தார்களாமே? நல்ல காரியம்தானே?

நோக்கம் நல்லதுதான், இடம்தான் பொருந்தவில்லை. 1979-இல் வீடற்ற ஆண்களுக்காக ராபர்ட் கலகன் என்பவர் பெயரில் நகரத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 1981-இல் உடன்படிக்கை வந்தது: கேட்டு வருபவருக்குப் படுக்க இடம் தர வேண்டும். அதற்குள் கலகன் தெருவிலேயே இறந்துவிட்டார்.

உடனே ஆயிரக்கணக்கான கட்டில்களுக்கு எங்கே போவது? நகரம் ஆர்மரிகளைத் திறந்தது. 168ஆம் தெருவின் ஃபோர்ட் வாஷிங்டன் ஆர்மரியில், ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. மறைப்பு இல்லை, தனிமை இல்லை, காற்றும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவர் இருமினால் கூடம் முழுக்கப் போகும். அந்தக் காப்பகங்களில் காசநோய் பரவியது. கவாத்துக்காகக் கட்டிய கூடம் மனிதன் தூங்குவதற்கு ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதே கூடத்தில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். நார்பர்ட் சாண்டர் என்ற மருத்துவர், 1974-இல் நியூயார்க் மாரத்தானை வென்றவர், அந்த ஓட்டத்தை மீட்கப் போராடினார். 1993-இல் ஓட்டப் பாதை மறுபடி திறந்தது. 2012-இல் புகழ்பெற்ற மில்ரோஸ் உள்ளரங்கத் தடகளப் போட்டிகளே மேடிசன் ஸ்கொயர் கார்டனை விட்டு இங்கே வந்துவிட்டன.

பிராங்ஸில் கிங்ஸ்பிரிட்ஜ் ஆர்மரி ஏன் பூட்டியே கிடந்தது?

அதன் கவாத்துக் கூடம் சுமார் 1,80,000 சதுர அடி. அதுதான் சிக்கல், அவ்வளவு பெரிய இடத்துக்குப் பணம் போட ஆள் வேண்டும். 2009-இல் வணிக வளாகம் கட்ட வந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு மணிக்கு 10 டாலராவது கூலி என்று உறுதி கொடுங்கள் என்றார்கள் பகுதி மக்கள். கிடைக்கவில்லை. நகர மன்றம் திட்டத்தை நிராகரித்தது. பனிச்சறுக்கு மைதானத் திட்டமும் பிறகு கைகூடவில்லை. கூலி கேட்டவர்களுக்குப் பயந்து கட்டிய கோட்டையில், நியாயமான கூலி கேட்டு மக்கள் நின்றார்கள். அவர்கள் பிடிவாதம் சரிதான் என்பேன்.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால்?

குளிர்காலத்தில், பள்ளிப் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்து, ஃபோர்ட் வாஷிங்டன் போங்கள். 200 மீட்டர் பாதை, வளைவுகள் மேடு கட்டியிருக்கும். தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் கூரையே அதிரும்.