ஆறு மாதப் படிப்பும் லண்டன் தாதி வேலையும்

அன்புள்ள அம்மா,

ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் ஆறு மாதத்தில் மகளை லண்டனில் தாதியாக்குவதாக முகவர் ஒருவர் சொல்லும் பயிற்சி நிலையத்திடம் அதைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த உழைப்பின் மொத்தமும் அந்தப் பணம்தான். ஆறு மாதப் படிப்பு உங்கள் மகளை லண்டனில் தாதியாக்காது.

தாதி வேறு, முதியோரையும் நோயாளரையும் அன்றாடம் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் வேறு. முகவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. பிரித்தானியாவில் தாதியாக வேலை செய்ய அந்நாட்டுத் தாதியர் பேரவையில் பதிவு வேண்டும். முறையான தாதியர் படிப்பு, ஆங்கிலத் தேர்ச்சி, கணினி வழித் தேர்வு, பிறகு செய்முறைத் தேர்வு என எல்லாவற்றையும் கடந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினால் எழுத்தில் 6.5, மற்ற மூன்று பகுதிகளிலும் 7 எடுக்க வேண்டும். பராமரிப்பாளராகவாவது போகட்டும் என்றால், அந்தக் கதவும் மூடிவிட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாடுகளிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை பிரித்தானியா நிறுத்திவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வேலை தேடித் தருவதற்காகத் தாதியரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டின் ஆட்சேர்ப்பு நெறிமுறை. அங்கே ஆள் தேவைப்படும் மருத்துவமனைதான் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். விஞ்ஞான ஆசிரியர்கள் கிடைப்பதே அரிதான தோட்டப் பகுதியில் இது சிறிய சாதனை அல்ல. அதை ஆறு மாதச் சான்றிதழுக்கு விற்றுவிடாதீர்கள். அரச தாதியர் பயிற்சிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். இப்போதிருந்தே கவனித்து வாருங்கள். மூன்று வருடப் பயிற்சி, அந்தக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமானதாக இருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டப்படிப்பையும் விண்ணப்பத்தில் சேர்க்கட்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்துக்குச் செலவிடும் பணம் வீண்போகாது. தனியார் நிலையம் எதுவானாலும் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்தப் படிப்பை முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு செய்ய முடியுமா? இங்கே பதிவு செய்ய முடியாத படிப்பை வெளிநாட்டுப் பேரவையும் தாதியர் படிப்பாக ஏற்பது கடினம்.

பராமரிப்பு வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. முதியோரைக் கவனிக்கும் மனம் பெரிய மனம். ஜப்பானுக்குப் போக விரும்புவோர் மொழித் தேர்விலும் பராமரிப்புத் திறன் தேர்விலும் தேற வேண்டும். இஸ்ரேலுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே ஆட்களைத் தெரிவு செய்கிறது. ஆனால் உங்கள் மகளின் ஆசை தாதியாவது. பராமரிப்பாளராக எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த அனுபவம் மட்டும் அவளைத் தாதியாக்காது.

அந்த முகவர் மீண்டும் வந்தால் உரிம எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, உரிமம் உண்மையானதா, அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். கடவுச்சீட்டையும் உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியையும் எவர் கையிலும் கொடுக்க வேண்டாம், பிரதி போதும்.