எல்இடிக்கு முன்னாடி வர்ற அந்த "ஓ": வாங்கறவங்க கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஸ்கிரீன் பத்தித்தானுங்க. ஆஃபர்ல வாங்கினது எல்லாம் இப்பத்தான் ஒவ்வொண்ணா பிரச்னை பண்ணுது போல. பேரை எடுத்துப்போட்டு ஊரை மட்டும் வெச்சிருக்கறேன், கடுதாசியையும் சுருக்கியிருக்கறேன்.

கேள்வி (ஈரோடு): 55 இன்ச் ஓஎல்இடி டிவி, ஷோரூம் டிஸ்ப்ளே பீஸ், விலை கொறச்சுக் குடுத்தாங்கண்ணா. ஊட்டுக்கு வந்து பார்த்தா, வெளிச்சமான சீன் வர்றப்ப எல்லாம் வலது மேல் மூலைல ஒரு சேனல் லோகோ நிழலாட்டம் தெரியுது. கேட்டா "பேனல் அப்படித்தான், வாரண்டில வராது"ங்கறாங்க.

பதில்: உங்க மேல தப்பே இல்லைங்க, தெரிஞ்சேதான் உங்க தலைல கட்டியிருக்காங்க. இதுக்குப் பேரு பர்ன்-இன். ஓஎல்இடில பின்னாடி தனியா லைட்டு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது, எரிய எரிய அந்தப் பொருளே தேயுது. கடைல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஃபுல் வெளிச்சத்துல ஒரே சேனல் ஓடுனா லோகோ இருக்கற எடம் மட்டும் எச்சா தேஞ்சு போயிரும், அதுதான் உங்களுக்கு நிழலாத் தெரியறது. துடைச்சாலும் போகாது, சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணாலும் போகாது.

எனக்கும் இது நடந்துச்சுங்க. சில வருசம் முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு கடைல டெமோ பீஸ் எடுத்தேன். ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சுப்போட்டு முழு ஸ்கிரீன்ல வெறும் சாம்பல் கலர் படத்தை வெச்சுப் பார்த்தேன், அடில ஒரு பட்டை, அந்தப் பட்டைக்குள்ள அந்தக் கடையோட ஆஃபர் வாசகம், எழுத்துக் கூட்டிப் படிக்கற அளவுக்கு அப்படியே இருந்துச்சு. ரெண்டு மாசச் சம்பளம். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலைங்க. கடைக்காரன் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை, நானும் அப்ப விவரம் தெரியாம விட்டுப்போட்டேன், அந்த வெசனம் இன்னும் போகலை.

நீங்க விடாதீங்க. அந்த சாம்பல் படத்தை வெச்சு போட்டோ, வீடியோ எடுங்க. டிவி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குதுன்னு சர்வீஸ் ஆளை மெனுவுல பாக்கச் சொல்லி அதையும் எடுத்து வெச்சுக்கோங்க. டிஸ்ப்ளே பீஸ்னு சொன்னாங்க சரி, தேஞ்சு போன பீஸ்னு சொன்னாங்களா? மறைச்சு வித்தது தப்பு. முதல்ல 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு பண்ணுங்க. அப்பறமும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வெச்சே ஆகோணும்னும் இல்லை, ஆனா பிரச்னை வந்து 2 வருசத்துக்குள்ள போட்டுரோணும்.

கேள்வி (பல்லடம்): ராத்திரி டிவி பாத்து முடிச்சதும் மெயின் சுவிட்சையே அணைச்சுருவோம். கரண்டு மிச்சம். இதுல தப்பு எதுவும் இருக்குதுங்களா?

பதில்: சாதா எல்இடி டிவின்னா அணைச்சுக்கோங்க. ஓஎல்இடின்னா ரிமோட்ல மட்டும் அணைங்க. ஸ்டாண்ட்பைல இருக்கறப்பதான் அது தன்னோட புள்ளிகளை அளந்து தேய்மானத்தைச் சரிக்கட்டிக்கும், மெயினைப் பிடுங்கிட்டா அந்த வேலை நடக்காது.

கேள்வி (காங்கேயம்): ஓஎல்இடில "ஓ"ங்கறது ஆர்கானிக்னு சொல்றாங்க. நம்ம இயற்கை விவசாயம் மாதிரியா? கண்ணுக்கு நல்லதா?

பதில்: சம்பந்தமே இல்லைங்க. கெமிஸ்ட்ரில ஆர்கானிக்னா கார்பன் சேர்மம், அவ்வளவுதான்.

கேள்வி (கோயமுத்தூர்): க்யூஎல்இடிங்கறது ஓஎல்இடியோட அடுத்த மாடல், இன்னும் நல்லதுன்னு சேல்ஸ்மேன் சொன்னாரு. நம்பலாமா சார்?

பதில்: நம்பாதீங்க. இந்தப் பேரு விவகாரத்துல எனக்குப் பல வருசக் கோவம் இருக்குது, இன்னைக்குச் சொல்லிப்போடறேன். மொதல்ல "எல்இடி டிவி"ங்கற பேரே சரியில்லைங்க, அது எல்சிடி டிவி, அதாவது தானே எரியாத திரை, பின்னாடி லைட்டு இருந்தாத்தான் படம் தெரியும்; அதுக்குப் பின்னாடி இருந்த டியூப்லைட்டை எடுத்துப்போட்டு அந்த எடத்துல எல்இடி வெச்சாங்க, வெச்சுட்டு டிவிக்கே எல்இடின்னு பேரு வெச்சு வித்தாங்க. அப்பறம் அதே எல்சிடிக்குப் பின்னாடி நீல எல்இடியும் நடுவுல குவாண்டம் டாட்ங்கற, கலரை மாத்திக் குடுக்கற நெம்பச் சின்னத் துகள் ஷீட்டும் வெச்சு கலரை நல்லாக்கினாங்க, அதுக்குப் பேரு க்யூஎல்இடி. நல்ல டிவிதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஓஎல்இடியோட "ஓ"வுக்கும் இந்த "க்யூ"வுக்கும் எழுத்துல ஒரு வாலுதான் வித்தியாசம், தூரத்துல இருந்து பாக்கற வயசானவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அது வேணும்னே வெச்ச பேருன்னுதான் நான் நெனைக்கறேன். கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடைல ஒரு பெரியவரு "ஓ போட்டது குடுப்பா"ன்னு கேட்டாரு, அந்தப் பையன் கூசாம க்யூ போட்டதை எடுத்துக் குடுத்தான், நான் குறுக்க பூந்து நிறுத்தினேன். வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு ஒரே கேள்வி கேளுங்க. பின்னாடி லைட்டு இருக்குதா, புள்ளியே எரியுதா? இதுக்குப் பதில் தெரியாத சேல்ஸ்மேன்கிட்ட லட்ச ரூபாயைக் குடுக்காதீங்க. கடைலயே இருட்டான ஒரு மூலைக்குக் கொண்டு போய் முழுக் கறுப்புப் படம் போடச் சொல்லுங்க, ஓஎல்இடின்னா டிவி ஆஃப் ஆன மாதிரியே இருக்கும், மத்ததுல பெரும்பாலும் லேசா சாம்பல் வெளிச்சம் கசியும்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், பிளஸ் டூ மாணவர்): பிளாஸ்டிக்ல கரண்டு விட்டா வெளிச்சம் வருதுன்னு படிச்சேன். அப்ப போன் ஸ்கிரீன்ல இருக்கறது அந்தப் பாலிமர்தானா? பாலிமர் டிவி சீப்பா வரும்ங்கறாங்க, அப்பாவை அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லட்டுமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. சாதா பிளாஸ்டிக் கரண்டைக் கடத்தாது, அதனாலதான் வயருக்கு மேல உறையாப் போடறோம். ஆனா கார்பன் சங்கிலில ஒத்தைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்புன்னு மாறி மாறி வந்தா எலக்ட்ரான் ஒரே எடத்துல கட்டிக் கெடக்காம சங்கிலி நெடுக பரவும். இதைத்தான் கான்ஜுகேட்டட் பாலிமர்ங்கறாங்க. 1977ல ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா மூணு பேரும் பாலிஅசெட்டிலீன்ல அயோடினை ஏத்தி கரண்டைக் கடத்த வெச்சாங்க, 2000ல நோபல் குடுத்தாங்க. வெளிச்சம் வந்தது 1990ல, கேம்பிரிட்ஜ்ல, பிபிவிங்கற பாலிமர்ல, பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிச்சம். ஒரு பக்கம் இருந்து எலக்ட்ரான், எதிர்ப்பக்கம் இருந்து ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலி எடம்), நடுவுல ரெண்டும் சேர்றப்ப ஒளியா வெளிய வருது. அந்தப் படலம் சுமாரா 100 நானோமீட்டர்தான், தலைமுடில பல நூத்துல ஒரு பங்கு.

ஆனா உன் போன்ல இருக்கறது பாலிமர் இல்லை. 1987ல கோடாக் கம்பெனில டாங், வான் ஸ்லைக் ரெண்டு பேரும் காட்டின, நீளச் சங்கிலிக்குப் பதிலா சின்ன மூலக்கூறை வெச்சு எரிய வெக்கற வழிதான் கடைல ஜெயிச்சுது. அதை வெற்றிடத்துல ஆவியாக்கிப் படிய வெப்பாங்க. பாலிமரைக் கரைச்சு மை மாதிரி ப்ரின்ட் பண்ணலாம், நம்ம திருப்பூர்ல துணில ப்ரின்ட் அடிக்கற மாதிரி, அதனாலதான் சீப்பா வரும்னு எல்லாரும் நம்பினாங்க. 2002ல பிலிப்ஸ் ஒரு ஷேவர்ல சின்ன பாலிமர் டிஸ்ப்ளே வெச்சு வித்துச்சு. பெரிய ஸ்கிரீனுக்கு வர்றப்பதான் ஆயுசுல, முக்கியமா நீல வெளிச்சம் தர்ற பொருளோட ஆயுசுல, தடுமாறுச்சு. ப்ரின்ட் முறைல ஓஎல்இடி செஞ்ச ஜப்பானோட ஜேஓலெட் கம்பெனியும் 2023ல கடன்ல முழுகிப் போச்சு. அப்பாவைக் காத்திருக்க வைக்காதே கண்ணு. நீ நல்லாப் படி, அந்த நீலத்துல இன்னும் நெம்ப வேலை பாக்கி இருக்குது.

கேள்வி (திருப்பூர்): பொருட்காட்சில "ஓஎல்இடி பல்பு, 25 வருசம் எரியும்"னு 12 பல்பு வாங்கினேன். ரெண்டு மாசத்துல 9 போச்சு. பில்லு வாங்கலை. போன் நம்பரும் எடுக்கலை.

பதில்: ஏனுங்க, பில்லும் இல்லை, நம்பரும் இல்லை, 25 வருச வாரண்டியை யாருகிட்டப் போய்க் கேப்பீங்க? வாங்கறப்பவே ஒரு தடவை யோசிக்க வேண்டாமா? ஓஎல்இடி லைட்டுன்னா தகடு மாதிரி தட்டையா, முழுப் பரப்பும் ஒரே சீரா எரியும், குண்டு பல்பு வடிவத்துல உள்ள புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா அது சாதா எல்இடி. பில்லு தராததே சட்டப்படி நியாயமில்லாத வியாபாரம்தான், ஆனா ஆளே இல்லாம யாரு மேல புகார் குடுக்கறது? ஜிபேல பணம் போட்டிருந்தா அந்த ரசீதுல பேரு இருக்கும், அதை வெச்சு 1915ல பேசிப் பாருங்க.

கேள்வி (பொள்ளாச்சி): பொண்ணோட போன் டிஸ்ப்ளே உடைஞ்சு போச்சு. "ஒரிஜினல்"னு 7,500 வாங்கிட்டு மாத்திக் குடுத்தாங்க. இப்ப கறுப்பு சாம்பலாத் தெரியுது, சார்ஜும் நிக்க மாட்டீங்குது, டிஸ்ப்ளேல இருந்த விரல்ரேகையும் வேலை செய்யலை.

பதில்: அம்மிணி, ஓஎல்இடியை எடுத்துப்போட்டு எல்சிடியை மாட்டிட்டாங்க. நீங்க சொன்ன மூணுமே அதுக்கு அடையாளம். எல்சிடிக்குப் பின்னாடி லைட்டு வேணும், அந்த லைட்டு எப்பவும் எரியும், கண்ணாடிக்கு அடில இருக்கற விரல்ரேகை சென்சாருக்கும் வழி மறைஞ்சு போகும். நீங்க ஏமாந்ததுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்லை, வெளிய பாத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பில்லுல "ஒரிஜினல்"னு எழுதியிருந்தா நேரா போய் எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்ல பேசினதை அழிக்காதீங்க. மாத்தித் தரலைன்னா ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன அதே வழிதான்.

கேள்வி (தாராபுரம்): போன் கீழ விழுந்து ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல். அங்க இருந்து கறுப்பு வட்டம் நாளுக்கு நாள் பெருசாகுது. அரிசில போட்டு வெச்சா சரியாகுமா?

பதில்: ஆகாதுங்க. விரிசல் வழியா காத்தும் ஈரமும் உள்ள போய் படலத்தையும் மின்முனையையும் அரிச்சுட்டே இருக்குது. டிஸ்ப்ளே மாத்தித்தான் ஆகோணும். அதுவரைக்கும் போன் இருக்கறப்பவே போட்டோ எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்து வெச்சுக்கோங்க.

கேள்வி (நாமக்கல்): 8,000 குடுத்து எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தேன். பர்ன்-இன் வந்துச்சு, "கண்டிஷன்ல இல்லை"ங்கறாங்க. நான் கண்டிஷனைப் படிக்கலை.

பதில்: படிச்சிருக்கோணுங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடியே படிச்சிருக்கோணும். இப்பவாச்சும் அந்தக் காயிதத்தை எடுத்து பர்ன்-இன் சேராதுன்னு அதுல தெளிவா எழுதியிருக்குதான்னு பாருங்க, எழுதலைன்னா மறுபடி எனக்கு எழுதுங்க.