ஓடும்போதே நின்றுவிடும் கார்

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு நண்பகலில் வரும்போது, செக்கானூரணி அருகே என் பழைய பெட்ரோல் காரின் என்ஜின் திடீரென நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாயிற்று. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: சோதிக்காமல் மாற்ற வேண்டாம். சூடேறினால் நின்று, ஆறினால் ஓடும் என்ஜினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிராங்க் சென்சார். என்ஜின் சுழல்வதை காரின் கணினிக்கு அறிவிக்கும் இந்தச் சிறு கருவியின் உட்சுருள் வெப்பத்தில் தொடர்பு அறுந்துபோனால், பெட்ரோல் பீய்ச்சுவதும் தீப்பொறியும் ஒரே நொடியில் நின்றுவிடும். பம்ப் பழுதானால் பெரும்பாலும் வண்டி முதலில் திணறி, குலுங்கி, இழுவை குறைந்த பிறகே நிற்கும்.

அடுத்த முறை நிற்கும்போது சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பிக் கவனியுங்கள். பின்னிருக்கைப் பக்கம் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பம்ப் சுழல்கிறது. கேட்காவிட்டால் பம்ப்பைக் குறை சொல்லுமுன் அதன் ஃபியூஸையும், அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது என்ஜின் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அசையவே இல்லையென்றால் சென்சார் மீதான சந்தேகம் வலுக்கும். பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில், கிராங்க் சென்சார் சுற்றின் பழுதைக் குறிக்கும் பி0335 என்ற குறியீடு வந்தால், சென்சாருடன் அதன் வயரையும் கனெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். குறியீடு இல்லையென்றால், பெட்ரோல் அழுத்தத்தை என்ஜின் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறிய வண்டியில் அளப்பது வீண்.

அதுவரை நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். என்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் பெடலும் ஓரிரு அழுத்தங்களுக்குப் பின் மிதிக்கக் கடினமாகிவிடும் என்பதால், விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள்.