கொலுவுக்கு ஒரு கப்பல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா பினாங்கிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த ஈயச் சிப்பாய்கள் முப்பத்தெட்டு பேர் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். சிவப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, தோளில் துப்பாக்கி. ஆளுக்கு 54 மில்லிமீட்டர் உயரம். இவர்களை ஏற்றி நிறுத்த, அந்தக் காலத்துப் பொம்மைக் கப்பல் மாதிரி ஒன்றை நானே செய்ய ஆசை. 54 மி.மீ. என்றால் 1:32 அளவாம், அதாவது நிஜ ஆளில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. கப்பலையும் அதே கணக்கில்தான் செய்ய வேண்டுமா? தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர்களின் பாய்மரக் கப்பலா, நீராவிக் கப்பலா? பழசாகத் தெரிய டிகாக்‌ஷன் பூசினால் போதுமா? புதிதாக பிளைவுட் பெட்டி செய்து சிப்பாய்களை அதில் வைத்திருக்கிறேன். சிலர்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், பரவாயில்லை. ஈயச் சொம்பு ரசம் சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் ஈயத்தைத் தொட எனக்குப் பயமில்லை. ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கி, ஒரு தகரக் கப்பலை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்கா அது? ரசச் சொம்பு வெள்ளீயம். உங்கள் சிப்பாய்கள் காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்றில் சமைக்கலாம், மற்றது விஷம். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், வீட்டுக் குழந்தைகள் கையில் தராதீர்கள். அந்த வெள்ளைப் பூப்பு அழுக்கு இல்லை, ஈயம் அரித்துப்போவது. மரத்திலிருந்தும் பிளைவுட் பசையிலிருந்தும் கிளம்பும் அமில ஆவிதான் அதைத் தொடங்கி வைக்கிறது. நம் ஊர் ஐப்பசி மழை ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதில் நீங்கள் புளி என்று இன்னொரு அமிலத்தைத் தேய்த்திருக்கிறீர்கள்! சுவாமிமலை விக்கிரகம் மாதிரி இவை கன வார்ப்பும் கிடையாது. காய்ச்சிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். லண்டனில் பிரிட்டன் என்கிற பொம்மைக்காரர் குடும்பம் 1893இல் கொண்டுவந்த முறை அது. 1966 வரை அப்படித்தான் வார்த்தார்கள். உள்ளே வெறும் கூடு. அரிப்புக்குத் தின்ன அதிகம் இல்லை, சீக்கிரம் தின்று முடித்துவிடும். பூத்தவர்களைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவர்களைக் கண்ணாடி அலமாரிக்கு மாற்றுங்கள்.

டிகாக்‌ஷன் வேண்டாம். உங்கள் தாத்தா வாங்கியபோது அவை பளபளவென்று இருந்தன. பொம்மைச் சிப்பாய்க்கு அழகே பளபள எனாமலும் கன்னத்தில் ஒரு ரோஜாப் புள்ளியும்தான். கப்பலையும் அப்படியே பளபளவென்று விடுங்கள். பழசாவது அதற்குத் தானே தெரியும்.

தரங்கம்பாடிக் கப்பல் இவர்களுக்குப் பொருந்தாது. ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல், கோட்டை கட்ட வந்தவர்கள் இந்தத் தொப்பி போட்டவர்கள் இல்லை. நீராவிக் கப்பலே செய்யுங்கள்.

இனி அந்த 1:32. கடிதத்தில் என்னைக் குத்தியது அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 1906இல் இறங்கிய டிரெட்னாட் போர்க்கப்பல் சுமார் 160 மீட்டர். முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்றால் ஐந்து மீட்டர், பதினாறு அடிக்கு மேல். எந்த வீட்டுக் கூடத்தில் அதை வைப்பது? ஜெர்மனியில் பிங், மார்க்லின் என்ற பொம்மைக் கம்பெனிகள் தகரக் கப்பல் செய்து உலகத்துக்கே விற்ற காலத்தில் இந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. உடம்பைக் குறுக்கி வயிற்றைப் பெரிதாக்கினார்கள். புகைபோக்கியும் பீரங்கியும் ஆளை அடிக்கிற அளவுக்கு இருக்கும். ஒரே கப்பலுக்கு, வாங்குகிற நாட்டைப் பார்த்துப் பெயரையும் கொடியையும் மாற்றினார்கள். குழந்தை கப்பலில் எதை முதலில் பார்க்குமோ அதைப் பெரிதாக வைத்தார்கள், அவ்வளவுதான்.

இது உங்களுக்கு ஜெர்மனிக்காரன் சொல்லித் தெரிய வேண்டியதா? வருஷா வருஷம் கொலு பார்க்கிறவர் நீங்கள். படியில் செட்டியார் கோபுரத்தைவிடப் பெரியவராக உட்கார்ந்திருக்கிறார். தசாவதார செட்டில் நரசிம்மரும் வாமனரும் ஒரே உயரம். யாராவது ஸ்கேல் எடுத்துக்கொண்டு வந்து கேட்டார்களா?

எங்கள் வீட்டுக்கு ஒருவர் அப்படி வந்தார். எனக்கு ஒன்பது வயது, நாகப்பட்டினத்தில் இருந்தோம். அந்த ஆவணியில் பெரியப்பா ரஜூலாவில் பினாங்குக்குப் போனார். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. டெல்டாவில் ரஜூலாவில் ஒருவரையாவது ஏற்றி அனுப்பாத குடும்பம் குறைவு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். கரையில் பாட்டி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "எங்கடா நிக்கறான்? ஒண்ணும் தெரியலையே" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கறுப்புப் புகைபோக்கியும் அதில் இரண்டு வெள்ளைப் பட்டையும் மட்டும் தெரிந்தன. "மேல்தளத்துலதாம்மா" என்றார் அப்பா. இருட்டும்வரை பாட்டி நகரவில்லை.

புரட்டாசிக்குள் அப்பா ஒரு கப்பல் செய்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி உடம்பு. தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரிடம் கேட்டுப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். நவச்சாரப் புகையில் இருமி இருமிக் கண் சிவந்திருக்கும். புகைபோக்கி ஒரு பவுடர் டப்பா. கம்பித் தடுப்புக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. வட்ட ஜன்னல்களுக்குத் தாத்தாவின் பழைய சட்டைப் பொத்தான்கள், பக்கத்துக்குப் பதினொன்று. பெயிண்டுக்கு அடியில் நாலு நாலு ஓட்டையும் இன்றைக்கும் தெரிகின்றன.

பெரியப்பா முன்பு ஒரு தடவை வந்தபோது எனக்குத் தந்த சிப்பாய்கள் ஆறு. அதில் ஒருவனை அப்பா கேட்டு வாங்கினார். சிவப்புக் கோட்டின்மேல் வெள்ளை பூசிச் சட்டையும் வேட்டியும் ஆக்கினார். தோளில் இருந்த துப்பாக்கிக்குக் கறுப்பு அடித்துக் குடை ஆக்கினார். மேல்தளத்தில், புகைபோக்கிக்கு முன்னால், கரையைப் பார்க்க நிறுத்தினார். ஆள் புகைபோக்கியில் பாதி உயரம் இருந்தான்.

கொலு பார்க்க வந்த அந்த மனிதர் கப்பல் வேலை தெரிந்தவர். "இந்த அளவுக்கு ஆள் இருந்தா ரஜூலால நாலு பேருகூட ஏற முடியாதே" என்று விரலால் அளந்து காட்டினார். அப்பா பதில் சொல்லவில்லை. பாட்டியைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, "இப்பத் தெரியறானா பாரும்மா" என்றார். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அந்தக் குடையை ஒரு விரலால் தொட்டாள். "ம், தெரியறான்" என்றாள். ஒன்பது நாளும் சுண்டலில் முதல் கரண்டி கப்பலுக்கு முன்னால்தான் வைத்தாள். பெரியப்பா அடுத்த தடவை வந்தபோது பாட்டி இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆளை எந்த அளவில் செய்திருக்க வேண்டும்?

இரண்டடி நீளம் போதும். முப்பத்தெட்டு பேரையும் ஏற்ற நினைக்காதீர்கள், தளத்தில் ஆறு பேர் நின்றால் நிறைந்துவிடும். தண்ணீரில் விடுவதாக இருந்தால் அடியில் கனம் வையுங்கள். ஈய ஆட்கள் மேலே நின்றால் கவிழும். எங்களுடையது அண்டாவில் கவிழ்ந்த பிறகு அப்பா வயிற்றில் இரண்டு படிக்கல் போட்டார். தஞ்சாவூர் தலையாட்டி எழுந்து நிற்பதும் அந்த வித்தையில்தான். மேல்கட்டுக்கு நெட்டி என்கிற தண்ணீர்ச் செடித் தக்கை கிடைத்தால் வாங்குங்கள், எடையே இருக்காது; தஞ்சாவூரில் அதில் பெரிய கோயிலையே செதுக்குகிறார்கள்.

ஐம்பது வயதில் தேவையா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அப்பாவை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

உங்கள் தாத்தா எந்த வருஷம் திரும்பினார், எந்தக் கப்பலில்? பழைய பாஸ்போர்ட் வீட்டில் இருக்கும், தேடிப் பார்த்து எழுதுங்கள். ரஜூலாவாக இருந்தால் புகைபோக்கியில் வெள்ளைப் பட்டை இரண்டு, மறக்க வேண்டாம். அதற்கு முன்னால் அந்த பிளைவுட் பெட்டியிலிருந்து அவர்களை வெளியே எடுங்கள். இன்றைக்கே.