எச்.எம். கையில துடைப்பம்

கேள்வி: எங்க எச்.எம். தலைமைப் பண்பு ட்ரெய்னிங் போயிட்டு வந்ததுலேர்ந்து 'நான் உங்க சேவகன்'னு ஆரம்பிச்சிட்டார். கிரவுண்ட பெருக்குறார், சத்துணவு பரிமாறுறார், எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வந்துடுது. ஆனா ஸ்டாஃப் ரூம்ல யாருக்கும் அவர் மேல நம்பிக்கை இல்ல. தப்பு எங்க மேலயா?
- பெயர் வேண்டாம், ஒரு பட்டதாரி ஆசிரியை

பதில்: பெருக்கட்டும் மேடம், கிரவுண்டாவது சுத்தமாகும். ஆனா முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) விசிட் வந்து, எமிஸ்ல, அதாவது பள்ளி விவரம் ஏத்துற ஆன்லைன் பதிவுல, என்ட்ரி விட்டுப்போச்சுன்னு சத்தம் போடும்போது உங்க எச்.எம். 'என் பொறுப்பு சார்'னு முன்னாடி நிப்பாரா, இல்ல அந்த டீச்சர் பக்கம் கைய காட்டுவாரா? ஸ்டாஃப் ரூம் அத வச்சுத்தான் ஆளை எடை போடும்.

இந்த சேவகத் தலைமைங்கற பேச்சைக் கிளப்பின ராபர்ட் கிரீன்லீஃப் ஸ்கூல் வாத்தியார் இல்ல, அமெரிக்காவுல ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் கம்பெனில பல வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர், 1970ல எழுதினார். அவர் வச்ச டெஸ்ட்டு, நம்மகிட்ட சேவை வாங்கினவங்க வளர்றாங்களா, சொந்தமா முடிவெடுக்குற அளவுக்கு வர்றாங்களாங்கறதுதான். உங்க ஸ்கூல்ல டைம்டேபிள்ல ஒரு பீரியட் மாத்தணும்னாலும் அவர் ரூம் வாசல்ல நிக்கணும்னா அவர் என்னத்த பெருக்கி என்ன.

1990கள்ல சிகாகோ ஆரம்பப் பள்ளிகள்ல பிரைக், ஷ்னைடர்னு ரெண்டு பேர் வருஷக்கணக்கா ஆய்வு பண்ணாங்க. நம்பிக்கை நல்லா இருந்த ஸ்கூல்கள்ல ரெண்டுக்கு ஒண்ணு படிப்புல முன்னேறுச்சு, நம்பிக்கை கம்மியா இருந்த எடத்துல ஏழுக்கு ஒண்ணுதான். நம்பிக்கை எதனால வருதுன்னும் சொன்னாங்க: மரியாதை, வேலைல திறமை, ஆள் மேல அக்கறை, சொன்ன சொல் காப்பாத்துறது. இதுல திறமைய நாம மறந்துடுறோம், தங்கமான மனுஷன்தான் ஆனா ஜூன்ல வரவேண்டிய டைம்டேபிள் ஆகஸ்ட்டுல வருதுன்னா அவரை யாரு நம்புவா?

தப்பு உங்க மேலயான்னு கேட்டீங்கல்ல, கொஞ்சம் இருக்கலாம். அந்த ஆய்வு எச்.எம். - டீச்சர் உறவோட நிக்கல, டீச்சர் - பெற்றோர் உறவையும் பார்த்துச்சு. நம்ம 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுல முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்துல பாதி பெண்கள் இருக்கணும். அந்த அம்மாக்கள் மீட்டிங்குக்கு வந்து பேசுறாங்களா, இல்ல ஏற்கெனவே எழுதி வச்ச தீர்மான நோட்டுல கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போறாங்களா? அப்படின்னா எச்.எம். உங்கள நடத்துற மாதிரியே நீங்களும் அவங்கள நடத்துறீங்க.

அடுத்த ஸ்டாஃப் மீட்டிங் அஜெண்டாவ நாங்க போடுறோம் சார்னு கேட்டுப் பாருங்க. சரின்னு சொல்லிட்டார்னா அடுத்த தடவை அவர் பெருக்கும்போது போட்டோவ நீங்களே எடுத்துக் குடுங்க.