"உண்மைச் சம்பவம்" அட்டைக்குப் பின்னால்: ஏலியன் கடத்தல் படங்கள் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

ஏலியன்கள் மனிதர்களைத் தூக்கிக்கொண்டு போவதாக வரும் படங்களில், ஆரம்பத்திலேயே "இது உண்மைச் சம்பவம்" என்று அட்டை போடும் படங்கள் தனி ரகம். அவற்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கதை முடிச்சுகள் வெளிப்படும், படம் பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: 'தி ஃபோர்த் கைண்ட்' பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை அண்ணா. மில்லா யோவோவிச்சே வந்து "நான் நடிகை, இது நிஜ டாக்டரின் கதை" என்று சொல்கிறாரே. அந்த டாக்டர் அபிகேல் டைலர் இப்போது எங்கே இருக்கிறார்?

எங்கேயும் இல்லை. அப்படி ஒரு மனநல மருத்துவர் அலாஸ்காவில் இருந்ததே கிடையாது. 2009-இல் வந்த அந்தப் படத்தில் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் யோவோவிச்சும் இன்னொரு பக்கம் மங்கலான "நிஜ" வீடியோவும் காட்டுவார்கள் அல்லவா? அந்த "நிஜ" டைலரும் நடிகைதான். பெயர் சார்லட் மில்சார்ட். அவரைப் பேட்டி காண்பவராக உட்கார்ந்திருப்பது படத்தின் இயக்குநர் ஒலாதுண்டே ஒசுன்சன்மி.

அதாவது நடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு நடிப்பை வைத்து, ஒன்றை மட்டும் சுமாரான கேமராவில் எடுத்தார்கள். படம் கலங்கலாக, கோடு கோடாக ஓடினால் நம் மூளை அதை ஆவணம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு தந்திரமாக எனக்கு இது பிடிக்கும், மறைப்பானேன்.

பிடிக்காதது விளம்பரத்துக்காகச் செய்த வேலை. அலாஸ்காவில் நிஜமாகவே வெளிவரும் பத்திரிகைகளின் பெயரில் போலிச் செய்திகளைத் தயாரித்து இணையத்தில் போட்டார்கள். அந்த டாக்டரைப் பற்றித் தேடுகிறவர் கண்ணில் அவை படவேண்டும் என்பது கணக்கு. பத்திரிகைக்காரர்கள் சும்மா விடவில்லை. கடைசியில் யுனிவர்சல் நிறுவனம் அலாஸ்கா பத்திரிகையாளர் சங்கத்துக்கு 20,000 டாலர் கொடுத்துச் சமாதானமாகி, அந்தச் செய்திகளையும் நீக்கியது.

கேள்வி: ஆனால் அந்தப் படத்தின் கதை நடக்கும் அலாஸ்காவின் நோம் ஊரில் ஆட்கள் காணாமல் போனது நிஜம்தானே? எஃப்.பி.ஐ. கூட விசாரித்ததாகப் படித்தேன்.

நிஜம்தான். இந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 1960-கள் முதல் 2004 வரை நடந்த சுமார் இரண்டு டஜன் மரணங்களையும் காணாமல் போன வழக்குகளையும் எஃப்.பி.ஐ. பார்த்தது. பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து நோமுக்கு வந்த அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள். அளவுக்கு மீறிய குடியும் கொடும் குளிரும்தான் பெரும்பாலும் காரணம் என்று முடிவு சொன்னார்கள். ஒன்பது பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

உடலைக்கூடப் பார்க்காத குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. அவர்கள் துக்கத்தை எடுத்து, நடுவில் ஒரு கற்பனை டாக்டரை நட்டு, வெள்ளை ஆந்தையும் சுமேரிய மொழியும் சேர்த்துப் பயமுறுத்தினார்கள். கதையில் பாதிக்கப்படுகிறவர்களாக வருவது யார் என்று பாருங்கள், பூர்வகுடி மக்களைத் தேடவேண்டியிருக்கும். ஊரைக்கூட மதிக்கவில்லை. நோம் என்பது பெரிங் கடலோரத்தில், மரமே அரிதான வெட்டவெளி. படத்தில் வருவதோ காடும் மலையும் சூழ்ந்த ஊர். எடுத்தது பல்கேரியாவிலும் கனடாவிலும்.

கேள்வி: 'ஃபயர் இன் தி ஸ்கை' படத்தில் கண்ணில் ஊசி இறங்கும் காட்சி. அது அந்த மனிதருக்கு நிஜமாக நடந்ததாக அவர் சொன்னதுதானா?

இல்லை. டிராவிஸ் வால்டன் அப்படிச் சொல்லவே இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ரகப் படங்கள் எப்படித் தயாராகின்றன என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

1975 நவம்பர் 5. அரிசோனாவில் ஸ்னோஃபிளேக் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஏழு பேர், வனத்துறை ஒப்பந்தத்தில் காட்டில் மரங்களைக் கழித்துவிட்டு மாலையில் டிரக்கில் திரும்புகிறார்கள். மரங்களுக்கு மேலே ஒளிவீசும் ஒரு பொருளைப் பார்க்கிறார்கள். வால்டன் இறங்கி அதை நோக்கிப் போகிறார், ஒரு ஒளிக்கற்றை அடித்து அவரைத் தூக்கி எறிகிறது, மற்ற ஆறு பேரும் பயந்து வண்டியை விரட்டிவிடுகிறார்கள். திரும்பி வந்து தேடினால் ஆள் இல்லை. இது அவர்கள் சொன்னது. போலீஸுக்கு வேறு சந்தேகம்: கொன்று புதைத்துவிட்டு வந்து கதை விடுகிறார்களோ? ஐந்து நாள் கழித்து, பக்கத்து ஊரான ஹீபரின் பெட்ரோல் பங்க் ஒன்றிலிருந்து வால்டன் போன் செய்கிறார்.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொன்னது இவ்வளவுதான்: மேஜை மேல் கண்விழித்தார், முதலில் ஆஸ்பத்திரி என்று நினைத்தார். பெரிய கண்களோடு குள்ளமாக மூன்று பேர் நின்றார்கள். கையில் கிடைத்ததை எடுத்து இவர் ஓங்கியதும் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். பிறகு ஓர் அறையில் ஒரு நாற்காலி, உட்கார்ந்தால் சுற்றிலும் நட்சத்திரங்கள். அப்புறம் ஹெல்மெட் போட்ட, மனிதரைப் போலவே இருந்த ஒருவர் வந்து கூட்டிப்போனார். முகத்தில் ஒரு மாஸ்க்கை வைத்தார்கள். விழித்தால் சாலையோரம்.

கவனித்தீர்களா? ஊசி இல்லை, கொழகொழத்த கூடு இல்லை, அழுகிய பிணம் இல்லை, உடம்போடு ஒட்டி இறுக்கும் சவ்வும் இல்லை. ஏலியன்களை இவர்தான் மிரட்டியிருக்கிறார்! ஸ்டுடியோவுக்கு இது போதவில்லை. திரைக்கதை எழுதிய டிரேசி டோர்மே வேறு மாதிரி எழுதவேண்டி வந்தது. ஆக 1993-இல் வெளிவந்த படத்தில் ஊர், தேதி, டிரக், ஏழு பேர் எல்லாம் வால்டன் கதை. உங்களை உறையவைத்த அந்தப் பத்து நிமிஷம் ஹாலிவுட் கதை. இந்த வகைப் படங்களில் எது உங்களை மிகவும் பயமுறுத்துகிறதோ அதை முதலில் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இத்தனைக்கும் வால்டனே படத்தில் ஒரு சின்னக் காட்சியில் தலைகாட்டுகிறார்.

கேள்வி: அந்த ஆறு பேரும் லை டிடெக்டரில் பாஸ் ஆனார்களே சார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஐந்து பேர் பாஸ், ஒருவருக்கு முடிவு சொல்ல முடியவில்லை. அவர்களிடம் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: வால்டனை அடித்தாயா, யாராவது காயப்படுத்தினார்களா, உடலை எங்கேயாவது ஒளித்தீர்களா. பறக்கும் பொருளைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். கொலை இல்லை என்பதற்கு அது ஓரளவு துணை நிற்கலாம், ஏலியனுக்கு நிற்காது.

படம் சொல்லாத இன்னொன்று உண்டு. வால்டனுக்கு எடுத்த முதல் சோதனையில் அவர் தேறவில்லை. ஏற்பாடு செய்தது 'நேஷனல் என்குவயரர்' என்ற பரபரப்புப் பத்திரிகை. முடிவை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள், ஃபிலிப் கிளாஸ் என்ற பத்திரிகையாளர் தோண்டி எடுத்தார். அதே பத்திரிகை இந்தச் சம்பவத்துக்கு 5,000 டாலர் பரிசும் கொடுத்தது. பிறகு நடந்த சில சோதனைகளில் வால்டன் தேறினார் என்பதையும் சொல்லவேண்டும். மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை இவற்றைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. பொய்யை அளக்க இன்னும் கருவி வரவில்லை.

கேள்வி: இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் மூலம் எது?

அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட முதல் கதை பெட்டி, பார்னி ஹில் தம்பதியுடையது. 1961 செப்டம்பர் 19 இரவு, கனடாவுக்குப் போய்விட்டு நியூ ஹாம்ப்ஷயர் மலைச்சாலையில் காரில் திரும்பும்போது ஒரு வெளிச்சம் பின்தொடர்ந்ததாகச் சொன்னார்கள். வீடு வந்து சேர எதிர்பார்த்ததைவிட நேரமாகிவிட்டது. பார்னி கறுப்பினத் தபால் ஊழியர், மனைவி பெட்டி வெள்ளையினச் சமூக நலப் பணியாளர். அந்தக் காலத்தில் அப்படியொரு ஜோடி நடுராத்திரியில் ஆளில்லாத சாலையில் போனால் ஏலியன் இல்லாமலே பயம் இருந்திருக்கும்.

பெட்டிக்கு அதன்பின் கெட்ட கனவுகள். 1964-இல் பாஸ்டனில் பெஞ்சமின் சைமன் என்ற மருத்துவர் இருவரையும் ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தினார். கடத்தல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் விரிவாக வந்தது அதில்தான். ஆனால் சைமனே அதைக் கடத்தல் என்று ஏற்கவில்லை. மனைவி கண்ட கனவுகளைக் கேட்டுக் கேட்டுக் கணவர் மனத்தில் பதிந்தவை என்றார். பார்னி விவரித்த சரிந்த கண்களைப் போன்ற கண்கள் உள்ள ஏலியன், அவருடைய அந்த ஹிப்னாடிச அமர்வுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொடரில் வந்ததையும் பின்னாளில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். அந்த எபிசோடைப் பார்னி பார்த்தாரா என்பதில்தான் சண்டையே.

இவர்கள் கதை 'தி யுஎஃப்ஓ இன்சிடென்ட்' என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1975 அக்டோபர் 20. வால்டன் காணாமல் போனது நவம்பர் 5. தேதிகளை மட்டும் வைத்துவிட்டு நகர்கிறேன்.

கேள்வி: அப்போ எல்லாரும் ஃப்ராடா? சொல்லும்போது அழுகிறார்களே, நடுங்குகிறார்களே!

அப்படிச் சொல்லமாட்டேன். ஹார்வர்டில் ரிச்சர்ட் மெக்னாலி குழுவினர், கடத்தப்பட்டதாக நம்புகிறவர்களுக்கு அவரவர் கதையையே ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டி இதயத்துடிப்பையும் வியர்வையையும் அளந்தார்கள். போர் போன்ற நிஜக் கொடுமையில் சிக்கியவர்களுக்கு இருப்பது போலவே உடம்பு பதறியது. பயம் நிஜம். அதற்குச் சொல்லும் காரணம்தான் நிஜமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

பலருக்குத் தொடக்கம் தூக்க முடக்கம். கனவு காணும் கட்டத்தில் உடம்பு அசையாதபடி மூளை பூட்டிவைக்கிறது. பூட்டுத் திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் கை கால் அசையாது, நெஞ்சில் பாரம், கட்டிலருகே யாரோ நிற்பது போல் இருக்கும். நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர் வைத்துத் தலைமாட்டில் இரும்பை வைத்துக்கொண்டு தூங்குகிறோம். அமெரிக்கர் ஹிப்னாடிசம் செய்பவரிடம் போகிறார், அவர் "இன்னும் யோசியுங்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்கக் கேட்க நினைவு வளர்கிறது.

கேள்வி: 'கம்யூனியன்'?

தன்னையே ஏலியன்கள் கடத்தியதாக ஒருவர் எழுதி 1987-இல் வந்த புத்தகம், 1989-இல் படம். எழுதிய விட்லி ஸ்ட்ரீபர் அதற்கு முன்பே பேய்க்கதை நாவலாசிரியர் என்பது விளம்பரத்தில் பெரிதாக வராத செய்தி. கிறிஸ்டோபர் வாக்கன் நடிப்புக்காகப் பார்க்கலாம். ஏலியன்களோடு கைகோத்து ஆடும் இடம் வரும்போது சிரிக்காதீர்கள்.

கேள்வி: பொய்யாக "உண்மைச் சம்பவம்" போட்டால் கேஸ் போட முடியாதா?

கற்பனைப் படம், தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்வதும் கற்பனையின் ஒரு பகுதி என்று தப்பித்துவிடும். 1996-இல் வந்த 'ஃபார்கோ' (ஏலியன் படம் இல்லை) ஆரம்பத்தில் உண்மைக் கதை என்று அட்டை போடும், கடைசி எழுத்துகளில் பாத்திரங்கள் கற்பனை என்று சொல்லும். ஆகவே கடைசிவரை உட்காருங்கள். நோம் விஷயத்தில் சிக்கல் வந்தது பத்திரிகைகளின் பெயரைத் திருடியதால்.

கேள்வி: ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

'தி யுஎஃப்ஓ இன்சிடென்ட்'. பழைய டி.வி. படம், மெதுவாகத்தான் போகும். ஆனால் பார்னியாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஹிப்னாடிசத்தில் உடைந்து அலறும் காட்சி, மேலே சொன்ன எந்த ஊசியையும்விட ஆழமாக இறங்கும். பெட்டியாக எஸ்டெல் பார்சன்ஸ். டாக்டரின் சந்தேகத்தையும் படத்திலேயே வைத்திருக்கிறார்கள். பயப்படத்தான் வேண்டும் என்றால் 'ஃபயர் இன் தி ஸ்கை', ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு.