மூன்று நெல் இரகங்களை ஒப்பிட ஒரு பட்டை போதுமா?

கேள்வி: ஒரே வயலைக் குறுக்கே மூன்று பட்டைகளாகப் பிரித்து, மடையை ஒட்டி ‘ஆ’, நடுவில் ‘அ’, கடைசி வரப்பை ஒட்டி ‘இ’ என மூன்று நெல் இரகங்களை நட்டேன். உரம், களையெடுப்பு, மருந்து எதிலும் வேறுபாடு இல்லை. ‘அ’வை விட ‘ஆ’ ஹெக்டேருக்குச் சுமார் 500 கிலோ கூடுதலாகக் கண்டது. ‘இ’ எல்லாவற்றிலும் குறைவு. அடுத்த பட்டத்தில் முழுப் பரப்பிலும் ‘ஆ’வையே நடலாமா?

பதில்: தங்கள் கவனிப்பில் குறை இல்லை, ஆனால் இந்த அமைப்பிலிருந்து அந்த முடிவுக்கு வர இயலாது. மடையருகே வண்டல் படிந்திருக்கும், தண்ணீரும் முதலில் அங்குதான் ஏறும். அந்த இடத்தில் ‘ஆ’ மட்டுமே நின்றிருப்பதால், கூடுதலாக வந்த 500 கிலோ இரகத்தால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது.

ஒரே வயலுக்குள் மண் எவ்வளவு மாறும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு ஏக்கர் கோதுமை வயலை, ஏறக்குறைய 8 சதுர மீட்டர் வீதம் 500 துண்டுகளாகத் தனித்தனியே அறுத்து எடைபோட்டு, மெர்சர், ஹால் ஆகிய இருவர் 1911-இல் வெளியிட்டார்கள். ஒரே பயிர், ஒரே பராமரிப்பு; ஆயினும் மிகக் குறைந்த துண்டில் 1.24 கிலோவும் மிக அதிகமான துண்டில் 2.34 கிலோவும் தானியம் கிடைத்தது. அதே நிலையத்தில் 1919-இல் பணியில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வகுத்த முறையே இன்றும் இரகச் சோதனைகளுக்கு அடிப்படை.

அதைத் தங்கள் வயலில் இப்படிச் செய்யலாம். மடையிலிருந்து கடைசி வரப்பு வரை வளம் மாறும் திசையைக் குறுக்கே வெட்டி, நான்கு தொகுதிகளாகப் பிரியுங்கள். ஆய்வுப் பண்ணைகளில் இதைத்தான் பிளாக் என்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மடையிலிருந்து ஒரே தூரத்தில் பக்கம் பக்கமாக மூன்று பாத்திகள், ஒவ்வொன்றும் 6 மீட்டருக்கு 5 மீட்டர். எந்தப் பாத்தியில் எந்த இரகம் என்பதைத் தொகுதிக்குத் தொகுதி புதிதாகச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்து ஒதுக்கினால், நமக்குப் பிடித்த இரகம் நம்மையறியாமல் நல்ல இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

அறுவடையின்போது நான்கு பக்கமும் அரை மீட்டர் விட்டு, நடுவிலுள்ள 20 சதுர மீட்டரை மட்டும் எடை போடுங்கள். ஓரப்பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அது மகசூலை உயர்த்திக் காட்டும். நெல்லின் ஈரப்பதத்தையும் அளந்து, எடையை 14 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்ற வேண்டும். 22 சதவீத ஈரத்தில் 12 கிலோ இருந்தால், அதை 78-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க, 10.9 கிலோதான் வரும். வயது கூடிய இரகமும் குறைந்த இரகமும் வெவ்வேறு ஈரத்தில் களத்துக்கு வருவதால், இந்த ஒரு கிலோவே முடிவைப் புரட்டிவிடக்கூடும்.

கணக்கு புரிவதற்காக நானே எண்களை எடுத்துக்கொள்கிறேன். கடைசி வரப்பிலிருந்து மடை நோக்கி நான்கு தொகுதிகளில் ‘அ’ 10.2, 11.0, 12.4, 12.8 கிலோ, ‘ஆ’ 11.0, 12.8, 12.6, 14.0, ‘இ’ 9.6, 11.4, 11.0, 13.2. சராசரி முறையே 11.6, 12.6, 11.3 கிலோ. மொத்த மாறுபாட்டிலிருந்து தொகுதிகளால் வந்ததையும் இரகங்களால் வந்ததையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பிழை. அதன் சராசரி வர்க்கம் இங்கே 0.222. இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் திட்டப்பிழை, அதாவது அந்த வேறுபாடு தற்செயலால் எவ்வளவு ஊசலாடும் என்பதன் அளவு, 0.222-ஐ இரண்டால் பெருக்கி நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது: 0.333. அதைப் புள்ளியியலின் t அட்டவணை இந்தச் சோதனைக்குத் தரும் 2.447 என்ற மதிப்பால் பெருக்க, 0.82 கிலோ வரும். சிடி (Critical Difference) மதிப்பு என்று சொல்லப்படுவது இதுதான். இரகங்கள் உண்மையில் சமமாக இருந்தால், ஒரு ஜோடிக்கு இடையே இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வருவது இருபதில் ஒரு முறைதான். ‘ஆ’வுக்கும் ‘அ’வுக்கும் இடையே உள்ள 1 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 500 கிலோ, இந்த வரம்பைத் தாண்டுகிறது. ‘அ’வுக்கும் ‘இ’க்கும் இடையே உள்ள 0.3 கிலோ தாண்டவில்லை. எனவே அவ்விரண்டில் எது மேல் என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்லக் கூடாது.

இதே எண்களில் தொகுதிகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுப் பாருங்கள். மடையால் வந்த வேறுபாடு முழுவதும் பிழைக்குள் புகுந்து, சிடி மதிப்பு 2.1 கிலோவாக ஏறிவிடும்; ‘ஆ’வின் மேன்மை இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. உழைப்பு ஒன்றே, பாத்திகளும் அதே பன்னிரண்டு. தொகுதியை வளத்தின் திசையோடு நீளவாக்கில் தவறாகப் போட்டாலும் இதே நிலைதான்.

நான்கு முறை நடுவது ஏன் என்று கேட்கலாம். மறுமுறைகள் நான்கானால் சராசரியின் பிழை பாதியாகக் குறைகிறது. அதை மேலும் பாதியாக்கப் பதினாறு தேவை, அது தங்களுக்கு அவசியமில்லை. ஆனால் ஒரு பட்டத்தின் மழையும் வெயிலும் பூச்சியும் பன்னிரண்டு பாத்திகளுக்கும் பொதுவானவை. எத்தனை மறுமுறை வைத்தாலும் அந்த ஆண்டின் தன்மை கணக்கிலிருந்து விலகாது. வறண்ட ஆண்டில் முந்தும் இரகம் நல்ல மழையில் பின்தங்குவது உண்டு. ஆகவே அடுத்த பட்டத்தில் 360 சதுர மீட்டரில் இந்தச் சோதனையைப் போட்டு, மீதிப் பரப்பில் தங்களுக்குப் பழகிய இரகத்தையே நடுங்கள். ‘ஆ’வில் மிகுந்த நம்பிக்கை இருந்தால் அதில் ஒரு பங்கை மட்டும் அதற்கு ஒதுக்கலாம். அதே சோதனையை மறு ஆண்டும் புதிதாகச் சீட்டுக் குலுக்கிச் செய்து, இரண்டு ஆண்டும் ‘ஆ’வே முந்தினால் முழு வயலுக்கும் அதைக் கொண்டுபோங்கள்.